பிரட்டு இல்லாத காலையில் ஒரு சாட்சி: மலையகத்தில் நீதி தேடும் குற்றக்கதை எழுதத் தொடங்குபவர்களுக்கு

துப்பறியும் கதை என்றதும் பழகிப்போன வடிவம் ஒன்று மனதில் வரும். கொலை நடக்கும். ஐந்தாறு பேர்மீது சந்தேகம் விழும். கெட்டிக்காரர் ஒருவர் கடைசி அத்தியாயத்தில் விரலை நீட்டுவார், பொலிஸ் விலங்கை மாட்டும். கொலைகாரன் யாரென்று தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடந்துவிடும் என்ற நம்பிக்கைதான் அந்தக் கதைகளைத் தாங்கும் முட்டு.

இன அநீதியைப் பேசும் குற்றக்கதையில் அந்த முட்டு இருக்காது. யார் செய்தார் என்பது பல வேளைகளில் பத்தாம் பக்கத்திலேயே வாசகருக்குத் தெரிந்துவிடும். ஊருக்கும் தெரிந்திருக்கும். வழக்கு ஏன் நகரவில்லை, எந்த மேசையில், எந்தத் தாளில், யார் எழுதிய எந்தச் சொல்லில் அது நின்றுபோனது என்பதுதான் புதிர். துப்பறிகிறவரும் வெளியிலிருந்து வரும் நிபுணராக இருக்கமாட்டார். செத்தவனின் அம்மா, அக்கா, மனைவி என்று வீட்டு ஆளாகவே இருப்பார். ஆகவே இந்த வகைக் கதையில் குற்றம் இரண்டு. முதலாவது, உயிரைப் பறித்த குற்றம். அது சில நிமிடங்களில் முடிந்துவிடும். இரண்டாவது, அந்த உயிருக்குக் கணக்குக் கேட்கவிடாமல் செய்த குற்றம். அது வருஷக்கணக்கில் நடக்கும், பெரும்பாலும் தாளில் நடக்கும். புதிதாக எழுதுகிறவர்கள் முதலாவதில் இரத்தமும் சத்தமுமாக நூறு பக்கம் செலவழித்துவிட்டு, இரண்டாவதை "பொலிஸ் கண்டுகொள்ளவில்லை" என்ற ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். கதை அந்த வரிக்குள்தான் இருக்கிறது.

உலகத்தில் நன்கு பதிவான இரண்டு வழக்குகளைப் பார்த்தால் இது விளங்கும். 1955இல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் எமெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் கடத்திக் கொல்லப்பட்டான். வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் குற்றம் சாட்டப்பட்ட இரண்டு வெள்ளையரையும் விடுவித்தது. சில மாதங்களில் அவர்களே சஞ்சிகை ஒன்றுக்குக் கொலையை ஒப்புக்கொண்டார்கள். ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை விசாரிக்க முடியாது என்பதால் சட்டம் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. அந்தத் தாய் மகனின் சவப்பெட்டியை மூடவிடாமல் சிக்காகோவில் ஊர் பார்க்க வைத்தார். இலண்டனில் 1993 ஏப்ரலில் பஸ் தரிப்பில் நின்ற ஸ்டீவன் லோரன்ஸ் என்ற 18 வயது இளைஞன் குத்திக் கொல்லப்பட்டான். சந்தேக நபர்களின் பெயர்கள் சில நாட்களிலேயே பொலிசுக்கு வந்து சேர்ந்தன. ஆனாலும் இருவர் குற்றவாளிகளாகக் காணப்பட்டது 2012 ஜனவரியில். இடையில் பெற்றோரின் போராட்டத்தால் 1999இல் ஒரு விசாரணை அறிக்கை வந்தது. பொலிஸ் படைக்குள் அமைப்பாகவே இனவாதம் ஊறியிருப்பதாக அது எழுதியது. ஒரே குற்றத்துக்கு இரண்டாம் விசாரணை இல்லை என்ற விதியும் அங்கே தளர்த்தப்பட்டது. இரண்டு வழக்கிலும் "யார்?" என்ற கேள்வி சீக்கிரமே தீர்ந்துவிட்டது. பதினெட்டு வருஷம் எடுத்தது வேறொரு கேள்வி.

இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்துக்கு இது புதிதில்லை. 1940 ஜனவரி 10ஆம் திகதி முல்லோயா தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டதில் தொழிலாளி கோவிந்தன் இறந்தார். விசாரணை ஆணைக்குழு அமைந்தபோது அவருடைய மனைவிக்காக ஆஜரானவர் கொல்வின் ஆர். டி சில்வா. 1977 மே மாதம் தலவாக்கலை டெவன் தோட்டத்தில், தோட்டக் காணிகள் பறிபோவதை எதிர்த்த போராட்டத்தில் சிவனு லட்சுமணன் சுடப்பட்டு இறந்தார். 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமுக்குள் கும்பல் புகுந்து 20க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களைக் கொன்றது. பொலிசார் அங்கேதான் இருந்தார்கள். 41 பேர்மீது குற்றம் சாட்டப்பட்டு, 2003இல் ஐந்து பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2005 மே மாதத்துக்குள் அந்த ஐவரும் மேன்முறையீட்டில் விடுதலையானார்கள். கடைசி எண்ணிக்கை பூச்சியம். இந்த வகைக் கதையின் முழு எலும்புக்கூடும் அந்தத் திகதிகளுக்குள் கிடக்கிறது.

ஒரு மாதிரிக் கதை

விளக்க வசதிக்காகக் கற்பனையாக ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். வருஷம் 2017. கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் 22 வயதுத் தம்பி தீபாவளிக்குத் தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கு வருகிறான். ஒக்டோபர் 17 மாலை, தீபாவளி முற்பணத்தில் உடுப்பு எடுக்க அம்மாவோடு டவுனுக்குப் போகிறான். பஸ் ஸ்டாண்டில் கடைக்காரர் ஒருவரோடு தகராறு. "தோட்டக்காட்டான்" என்று அவர் ஏச, தம்பி திருப்பி ஏசுகிறான். நாலைந்து பேர் சேர்ந்து அடிக்கிறார்கள். பொலிஸ் வந்து தம்பியை மட்டும் ஏற்றிக்கொண்டு போகிறது. அடுத்த நாள் மத்தியானம் ஓயாவில் பிணம். "இரவே எச்சரித்து அனுப்பிவிட்டோம், குடித்துவிட்டு ஆற்றில் விழுந்திருக்கிறார்" என்கிறது பொலிஸ். தேடப்போகிறவர் அக்கா. கொழுந்து பறிக்கிறவர், உயர்தரம் வரை படித்தவர், சிங்களம் பேசுவார், வாசிக்கத் தெரியாது.

அந்தக் கடைசிக் குறிப்பை வேண்டுமென்றே வைத்திருக்கிறோம். பேச்சுக்கும் வாசிப்புக்கும் நடுவிலுள்ள அந்தச் சந்துக்குள்தான் இரண்டாவது குற்றம் நுழைகிறது.

வாக்குமூலம் என்ற இடம்

பொலிஸ் நிலையத்தில் அம்மா வாக்குமூலம் கொடுக்கிறார். சார்ஜன்ட்டுக்கு ஓரளவு தமிழ் வரும், எழுதுவது சிங்களத்தில். அம்மா சொல்கிறார்:

"ஆளப் பாத்தா தெரியும் சேர். பேருதான் தெரியாது."

புத்தகத்தில் ஏறுவது "நொதன்னா புத்கலயெக்". தெரியாத ஒரு நபர். அம்மா சொல்கிறார், "அடிச்சு இழுத்துட்டுப் போனாங்க." ஏறுவது "பஹின்பஸ்வீமக்", வாய்த்தகராறு. "கொஞ்சம் குடிச்சிருந்தான், பொய் சொல்லல" என்று நேர்மையாகச் சொன்னதற்கு "பீமத்வ" என்று வருகிறது. போதையில். மூன்று சொல்லிலும் அப்பட்டமான பொய் கிடையாது. மூன்றும் ஓரங்குலம் நகர்த்தப்பட்டவை. அடியில் அம்மா தமிழில் கையெழுத்து வைக்கிறார்.

இதன் விளைவு எட்டு மாதம் கழித்துத் தெரியும். அடையாள அணிவகுப்பில் அம்மா கடைக்காரரைச் சரியாகக் காட்டுகிறார். பிறகு கோர்ட்டில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழுந்து முதல் வாக்குமூலத்தை வாசிக்கிறார்: "அன்று தெரியாத நபர் என்றீர்களே, இன்று எப்படித் தெரிந்தது?" அம்மா திகைக்கிறார். வாசகருக்கு மட்டும் அந்தச் சார்ஜன்ட்டின் பேனை நினைவுக்கு வரும். இதுதான் இந்த வகைக் கதையின் தடயம். இரத்தக்கறைக்குச் சமம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதும் எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, வாக்குமூலம் கொடுப்பவருக்கு எழுதிய மொழி விளங்காவிட்டால் விளங்கும் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும். திருத்தவும் கூட்டிச் சொல்லவும் அவருக்கு இடம் கொடுத்த பிறகுதான் கையெழுத்து. தமிழ் 1987இலிருந்து அரசகரும மொழி. நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் பல பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இல் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக வர்த்தமானியில் வந்தன. ஆக, சட்டத்தில் ஓட்டை இல்லை. கவுண்டரில் இருக்கிறது. அக்காவுக்கு இது தெரிந்த அன்று கதை திரும்புகிறது. மேலதிக வாக்குமூலம் கொடுக்கலாம். தமிழில் முறைப்பாடு எழுதி பொலிஸ் அத்தியட்சகருக்கும் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் பதிவுத் தபாலில் அனுப்பலாம். பதிவுத் தபாலின் ரசீதைச் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகி வைக்கும் ஒரு வரி, பத்துப் பக்க வீரவசனத்தைவிடக் கூடுதல் வேலை செய்யும்.

பிணம் என்ன சொல்லும், என்ன சொல்லாது

இந்த வகைக் கதைகளில் அதிகப் பிழைகள் பிரேத பரிசோதனைக் கட்டத்தில்தான் வருகின்றன. பலரும் டீவி பார்த்து எழுதுகிறார்கள்.

சந்தேகமான மரணத்தில் முதலில் வருகிறவர் பெரும்பாலும் திடீர் மரண விசாரணை அதிகாரி. பொலிஸ் காவலில் நிகழ்ந்த மரணம் என்றால் நீதவானே மரண விசாரணை நடத்த வேண்டும். ஆகவே "அனுப்பிவிட்டோம்" என்று பொலிஸ் சொல்வதன் பெறுமதி அங்கே இருக்கிறது. அந்த ஒரு சொல்லால் மரணம் காவலுக்கு வெளியே போய்விடுகிறது. விசாரிக்கும் ஆளும் மாறுகிறார். உங்கள் கதையில் அந்தச் சொல்லை யார், எத்தனை மணிக்கு, எந்தப் புத்தகத்தில் எழுதினார்கள் என்பதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

உடலை அறுத்துப் பார்ப்பவர் சட்ட வைத்திய அதிகாரி. எல்லாத் தோட்டப்புற ஆஸ்பத்திரியிலும் அவர் இருக்கமாட்டார். நுவரெலியா, பதுளை, கண்டி போன்ற பெரிய வைத்தியசாலைக்கு உடல் போக வேண்டும். தோட்டத்து லொறியிலா, வாடகை வேனிலா, செலவு யாருடையது என்பதெல்லாம் கதைக்குள் வரவேண்டிய விஷயங்கள். அடையாளம் காட்ட வீட்டிலிருந்து ஆள் போவார்கள். சந்தேகம் இருந்தால் அங்கேயே, அப்போதே சொல்ல வேண்டும். அழுகைக்கு நடுவில் யாருக்கும் அது தோன்றாது. தோன்றினாலும் எந்த மொழியில் யாரிடம் சொல்வது?

ஆற்றில் கிடந்த உடலில் வைத்தியர் தேடுவது சில. தண்ணீருக்குள் விழும்போது உயிர் இருந்ததா என்பது முதல் கேள்வி. மூக்கிலும் வாயிலும் நுண்ணிய நுரை, ஊதிப்போன நுரையீரல் போன்றவை மூழ்கி இறந்ததைக் காட்டலாம், ஆனால் தனித்தனியே அறுதியான சாட்சிகள் ஆகா. மலையக ஓயாக்களில் பாறை அதிகம். செத்த பிறகும் உடல் அடிபடும். உயிரோடு இருக்கும்போது பட்ட அடியில் இரத்தம் தசைக்குள் கசிந்து பரவியிருக்கும். செத்தபின் பட்டதில் அப்படிப் பரவாது. பாதத்தின் அடியிலும் முதுகிலும் அப்படிப்பட்ட கன்றல் இருந்தால், பாறை செய்ததென்று சொல்வது கஷ்டம்.

சாவு நேரத்தில் கவனம். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரம், சராசரி வெப்பநிலை 16 பாகை அளவில். குளிர்ந்த ஓடும் நீரில் உடல் வேகமாகக் குளிரும், விறைப்பும் அழுகலும் தாமதிக்கும். கொழும்புக் கணக்கு இங்கே செல்லாது. "மரணம் இரவு 11.20க்கு நிகழ்ந்தது" என்று எந்த நேர்மையான வைத்தியரும் எழுதமாட்டார். "முந்தின இரவு முதல் அதிகாலைக்குள்" என்பது போன்ற அகன்ற இடைவெளிதான் கிடைக்கும். அந்த அகலத்துக்குள் இரு தரப்பும் இழுபறிப்படுவது கதைக்கு நல்லது.

இன்னொன்று: சந்தேகமான மரணத்தில் உடலை எரிக்காமல் புதைக்கும்படி நீதவான் உத்தரவிடுவது வழக்கம், பின்னர் தோண்டி எடுத்து மறுபடி பரிசோதிக்க வசதியாக. தோட்டத்து மயானத்தில் தேயிலை நிரைக்கு ஓரமாகப் புதைத்த குழியை அக்கா தினமும் மலைக்கு ஏறும்போது கடந்து போவார். தோண்டும் நாளில் தப்பு அடிப்பதா வேண்டாமா என்று லயத்தில் ஒரு வாதம் வரும். அதை எழுதுங்கள்.

பதினாறும் முப்பதும்

சட்டத்தில் ஒரு கடிகாரம் ஓடுகிறது. வீட்டில் இன்னொன்று. அடிப்படை உரிமை மீறலுக்கு அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதம்தான் அவகாசம். (தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: இலங்கையில் உயர் நீதிமன்றம் என்பது நாட்டின் ஆக உச்ச நீதிமன்றம். அதற்குக் கீழே மேன்முறையீட்டு நீதிமன்றம், அதற்கும் கீழே கொலை வழக்கு விளக்கம் நடக்கும் மேல் நீதிமன்றம். இதில் தடுமாறி எழுதப்பட்ட கதைகள் ஏராளம்.)

நம் கதையில் உடல் கிடைத்தது ஒக்டோபர் 18. பதினாறாம் நாள் கருமாதி நவம்பர் 2. அதுவரை அம்மா வாசலைத் தாண்டமாட்டார், யாரும் கோர்ட் பேச்சு எடுக்கவும் மாட்டார்கள். கருமாதி முடிந்து நிமிரும்போது மிச்சம் இரண்டு கிழமை. சட்டத்தரணியைக் கண்டுபிடிப்பது, ஆவணம் சேர்ப்பது, கொழும்பு போவது எல்லாம் அதற்குள். துப்பாக்கி எதுவும் இல்லாமலே நெஞ்சு படபடக்க வைக்கும் காலக்கெடு இது.

தப்ப ஒரு வழி உண்டு. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தில் அமைந்த மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் அந்த ஒரு மாதத்துக்குள் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் இந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. கண்டியிலும் பதுளையிலும் அதற்கு அலுவலகங்கள் உண்டு. அக்கா இதை எப்படி அறிகிறார்? தொழிற்சங்கத் தலைவர் சொன்னாரா, அல்லது தெரிந்தும் சொல்லாமல் விட்டாரா? செத்தவனுக்காக வீட்டார் வழக்குப் போட முடியுமா என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. பொலிஸ் சித்திரவதையால் இறந்த ஒருவரின் மனைவி தொடுத்த வழக்கில், சட்டபூர்வ வாரிசுகள் அந்த உரிமையைத் தொடரலாம் என்று உயர் நீதிமன்றம் 2003இல் தீர்த்தது. காலம் அதற்கு முந்தையது என்றால் உங்கள் கதையில் அந்தக் கதவு அடைத்திருக்கும்.

கொலை வழக்கு வேறு பாதை. நீதவான் நீதிமன்றத்துக்குப் பொலிஸ் விசாரணை விவரத்தை பி அறிக்கையாகக் கொடுக்கும். மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரம் தாக்கல் செய்வது அரசின் தலைமைச் சட்டத்தரணியான சட்டமா அதிபர். வீட்டார் சட்டத்தரணி வைத்துக்கொள்ளலாம், பாதிக்கப்பட்ட தரப்புக்காக அவர் ஆஜராகலாம். ஆனாலும் வழக்கு அவர்களுடையது ஆகாது, அரசினுடையது. தவணை நாளில் கோர்ட்டுக்குப் போவார்கள், கடைசி வாங்கில் உட்காருவார்கள். உரைபெயர்ப்பாளர் வரவில்லை என்று அடுத்த தவணை கொடுத்தால் வீட்டுக்கு வருவார்கள்.

ஒவ்வொரு தவணைக்கும் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகும். 2016 ஒக்டோபர் கூட்டு ஒப்பந்தத்தின்படி அடிப்படை நாட்சம்பளம் 500 ரூபாய், கொடுப்பனவுகள் முழுக்கச் சேர்ந்தால் 730. வேலை கொடுத்த நாட்களில் 75 சதவீதம் வராதவருக்கு வருகைக் கொடுப்பனவான நாளுக்கு 60 ரூபாய் அந்த மாதம் முழுக்க இல்லை. அக்கா கோர்ட்டுக்குப் போன ஐந்தாவது நாளும் தடிமனில் படுத்த இரண்டு நாளும் சேர்ந்து அந்த மாதத்துக் கொடுப்பனவு மொத்தத்தையும் தின்றுவிடும். நீதியின் விலை என்று தத்துவமாக எழுதத் தேவையே இல்லை. சம்பளத் துண்டைக் காட்டுங்கள்.

தடயத்தை எங்கே ஒளிப்பது

துப்பறியும் கதையென்றால் வாசகர் கண்முன்னே கிடந்தும் கவனிக்காத ஒரு தடயம் வேண்டும். மலையகக் கதையில் அது அந்த வாழ்க்கையை அறிந்தவருக்கு மட்டும் புலப்படுவதாக இருந்தால் நல்லது. அப்போது அக்கா துப்பறிவதற்குக் காரணம் இருக்கும். கொழும்பிலிருந்து வரும் எந்த நிபுணருக்கும் பிடிபடாத ஒன்று அவருக்குப் பிடிபடும்.

நம் கதையில் பொலிசுக்குச் சாதகமான சாட்சி ஒருவர் இருக்கிறார், பக்கத்து டிவிசனில் கொழுந்தெடுக்கும் பெண். அவருடைய வாக்குமூலம்: "18ஆம் திகதி காலை 6 மணிக்குப் பிரட்டுக்குப் போகும்போது அந்தப் பையன் தள்ளாடிக்கொண்டு ஓயாப் பக்கம் போவதைக் கண்டேன்." (பிரட்டு என்பது காலையில் தொழிலாளர்களைக் கூட்டி அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பது.) காவலிலிருந்து உயிரோடு வெளியே வந்தான் என்பதற்கு இதுதான் ஒரே ஆதாரம். பொலிஸ் வாசித்தது, நீதவான் வாசித்தார், இரண்டு சட்டத்தரணிகள் வாசித்தார்கள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. தமிழில் பெயர்த்த பிரதியை ஓர் இரவு லாம்பு வெளிச்சத்தில் வாசிக்கும் அக்கா அந்த இடத்தில் நிற்கிறார். ஒக்டோபர் 18 தீபாவளி. தீபாவளியன்று ஏது பிரட்டு?

அந்தப் பெண் பொய் சொன்னாள் என்பதைவிடப் பெரிய விஷயம் அதில் இருக்கிறது. தோட்டத்து ஆள் எவரும் அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்க முடியாது. தோட்டம் என்றால் காலையில் பிரட்டு என்று மட்டும் அறிந்த, தீபாவளி எந்த நாள் என்றுகூட எண்ணிப்பார்க்காத வேறு யாரோ எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அவளும் அம்மாவைப் போலவே, வாசிக்கத் தெரியாத மொழிக்குக் கீழே தமிழில் கையெழுத்து வைத்தவள். இந்த இடத்தில் எதிர்ச்சாட்சியும் பாதிக்கப்பட்டவளாக மாறுகிறாள். அக்கா அவளைத் தேடிப்போகும் அத்தியாயம்தான் நாவலின் நடு.

இதே நாளுக்குள் இன்னொரு கண்ணியும் உண்டு. தீபாவளி அமாவாசையை ஒட்டி வரும். ஆகவே 17ஆம் திகதி இரவு "நிலா வெளிச்சத்தில் பார்த்தேன்" என்று எவராவது சொன்னால் விட்டுவிடாதீர்கள். எழுதும்போது நீங்களே அப்படி எழுதிவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். உண்மையில் நடக்கும் தவறு அதுதான்.

ஆவணங்கள் எப்படிக் கைக்கு வருகின்றன என்பதிலும் கவனம் தேவை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இல் நிறைவேறி 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. பொலிசிடம் கேட்கலாம். தனியார் கம்பெனித் தோட்டத்தின் செக்ரோலை, அதாவது வேலைநாள் பதிவேட்டை, அதே வழியில் கேட்டு வாங்குவது நடக்காத காரியம். அதற்கு ஆபிஸ் கிளாக்கரின் மனச்சாட்சியோ நீதிமன்ற உத்தரவோ வேண்டும்.

காலத்தைத் தேர்ந்தால் கதை மாறும்

2017 என்று வைத்ததால் இந்தக் கதவுகள் திறந்திருந்தன. வேறு வருஷம் என்றால் வேறு கதை. 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் குடியுரிமை இழந்த தோட்டத் தமிழர்களைப் பற்றிய கதையில் முறைப்பாட்டுக்காரருக்கு வாக்கில்லை. அவருக்காகப் பேச எம்.பி.யும் இல்லை. 1964இன் இந்திய - இலங்கை ஒப்பந்தம் அவர்களில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எழுபதுகளில் நடக்கும் கதையில் உங்களுடைய ஒரே கண்கண்ட சாட்சி தலைமன்னாரில் கப்பலேறிவிடலாம். பத்து வருஷம் கழித்து கோத்தகிரியிலோ கூடலூரிலோ அவர் வேறொரு தேயிலை மலையில் நிற்பார். பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் வந்தது. சாதாரண வழக்கில் பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் செல்லாது. இந்தச் சட்டத்தின் கீழ் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாதவரிடம் கொடுத்தது செல்லும். 1983 ஜூனில் வந்த அவசரகால விதியொன்று மரண விசாரணையே இல்லாமல் உடலைப் புதைக்கவும் எரிக்கவும் இடம் கொடுத்தது. அந்த மாதத்துக் கதையில் மேலே சொன்ன பிரேத பரிசோதனை அத்தியாயமே கிடையாது. அந்த இல்லாமையைத்தான் எழுத வேண்டும்.

சின்னப் பொருள்களும் வருஷத்தைக் காட்டிக்கொடுக்கும். "மருந்து குடிச்சிட்டா" என்று மரணங்களை மூடுவது பழைய பழக்கம். ஆனால் அந்த மருந்தான பரகுவாட் என்ற களைநாசினி படிப்படியாகத் தடைசெய்யப்பட்டு 2011க்குள் சந்தையை விட்டுப் போனது. 2015இல் தடையான இன்னொரு களைநாசினி கிளைபொசேட் தேயிலைக்கு மறுபடி அனுமதிக்கப்பட்டது 2018இல். 2017 கதையில் பிணத்தருகே அந்தப் போத்தல் கிடந்தால் அது எங்கிருந்து வந்தது என்பதே தனிப் புலனாய்வு.

ஆட்கள்

சிங்களவர் எல்லாம் கெட்டவர், தமிழர் எல்லாம் நல்லவர் என்று வைத்தால் கதை துண்டுப்பிரசுரம் ஆகிவிடும். உண்மையும் அப்படி இல்லை. கோவிந்தனின் மனைவிக்காக நின்றவர் ஒரு சிங்களச் சட்டத்தரணி. மறுபக்கம், "தோட்டக்காட்டான்", "கள்ளத்தோணி" என்ற சொற்களைத் தமிழ் வாய்களும் தாராளமாகப் பேசியிருக்கின்றன. இன அநீதியின் உள்ளே சாதி, வர்க்கம், பிரதேசம் என்று அடுக்கடுக்காக இருக்கிறது. கடையை விட்டுக்கொடுக்க விரும்பாத தமிழ் முதலாளி, "பிரச்சினைய பெருசாக்காத புள்ள" என்று அக்காவை அடக்கும் தலைவர், ரகசியமாக முறைப்பாட்டின் என்ட்ரி நம்பரைக் கொடுத்துவிட்டு மறுநாள் முகம் திருப்பும் சிங்களக் கொன்ஸ்டபிள், இவர்கள் எல்லாரும் வேண்டும். தோட்டத்து மேனேஜரான துரையையும் மீசை முறுக்கும் வில்லனாக்காதீர்கள். அவருக்கு வேண்டியது தோட்டத்தின் பெயர் பத்திரிகையில் வராமலிருப்பது மட்டும். அது போதுமான அளவு ஆபத்தானது.

பேச்சில் ஒரு குறிப்பு. லயத்துக்குள் "என்னாடி", "தம்பி", "மாமா" என்று ஓடும் மொழி, பிரட்டுக்களத்தில் "ஐயா"வாகி, ஆபிசில் "தொரைங்க"ளாகி, பொலிசில் "சேர்" ஆகும். அக்கா எந்த அத்தியாயத்தில் முதல்முறையாகச் "சேர்" போடாமல் பேசுகிறார் என்பதை வாசகர் தானாகக் கவனிப்பார். நீங்கள் சுட்டிக்காட்டக் கூடாது.

முடிவு

தண்டனையில் முடிக்கலாம் என்றால் கவனமாக முடியுங்கள். யாழ்ப்பாணத்து மிருசுவிலில் 2000 டிசம்பரில் எட்டுப் பேரைக் கொன்றதற்காக இராணுவ வீரர் ஒருவருக்கு 2015இல் மரண தண்டனை கிடைத்தது. 2020 மார்ச்சில் அவர் ஜனாதிபதி பொதுமன்னிப்பில் வெளியே வந்தார். தீர்ப்பு நாளோடு நிறுத்தும் கதை அந்த ஐந்து வருஷத்தை மறைத்துவிடும். தோல்வியில் முடிப்பதும் சுலபமான வழியே. நடுவில் நிறைய இடம் இருக்கிறது. மாற்றி எழுதப்பட்ட ஒரு மரண அறிக்கை, திரும்ப வந்து உண்மையைச் சொல்லும் ஒரு சாட்சி, "தெரியாத நபர்" என்ற சொல்லை நீதிமன்றம் வெட்டும் ஒரு கணம்.

எந்த முடிவானாலும் அது தாளாகத்தான் வந்து சேரும், தோட்டத்தில் தாள் வந்து சேரும் விதம் வேறு. பல தோட்டங்களில் லயத்துக்கு இலக்கமும் இல்லை, தெருவும் இல்லை. கடிதங்கள் மொத்தமாக ஆபிசுக்குப் போகும், அங்கிருந்து தப்பால்காரரோ கங்காணியோ, மலைக்கு வரும் யாரோ கொண்டுவந்து கொடுத்தால் உண்டு. சட்டமா அதிபர் திணைக்களத்தின் உறை அப்படி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கொழும்புத் தபால் முத்திரை 3ஆம் திகதி, அக்கா கையில் 24ஆம் திகதி. தவணை 21. எழுதத் தொடங்கும் முன்பே இந்த மூன்று திகதியையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். இடைப்பட்ட மூன்று கிழமை அந்த உறை யாருடைய மேசையில், எந்தப் புத்தகத்துக்கு அடியில் கிடந்தது என்பதையும்.